ஆற்றுக்கு இக்கரையில் வீடு, அக்கரையில் வேலை

பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர், கையில் ஒரு தாளுடன் கதவைத் தட்டினார். "அண்ணா, என் சம்பளத்த ரெண்டு தடவ போட்டிருக்காங்க. கம்பெனிக்கு எழுதிக் கேக்கட்டுமா?" என்றார். டெக்சஸில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, முந்தைய ஆண்டு ஜனவரி முதல் வாரத்தில்தான் நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசனுக்குக் குடிவந்தவர். அலுவலகம் ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையில், நியூயார்க்கின் மன்ஹாட்டனில். டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது என்பதால், சம்பளத்தையும் வரிப் பிடித்தத்தையும் காட்டி நிறுவனம் ஆண்டுதோறும் தரும் டபிள்யூ-2 தாளின் அடிப்பகுதியை அவர் அதுவரை உற்றுப் பார்க்க நேர்ந்ததே இல்லை.

அந்தத் தாளை உணவு மேசையில் விரித்துப் பார்த்தோம். 15-வது கட்டத்தில் மாநிலத்தின் பெயர், 16-ல் அந்த மாநிலத்துக்கு உரிய சம்பளம், 17-ல் பிடித்தம் செய்த வரி. முதல் வரிசையில் நியூயார்க், முழுச் சம்பளம், ஐயாயிரத்துச் சொச்சம் டாலர் பிடித்தம். அதற்குக் கீழே நியூ ஜெர்சி, மறுபடியும் முழுச் சம்பளம், அதுவும் முந்தையதைவிடச் சற்றுக் கூடுதலாக. பிடித்தக் கட்டத்தில் பூஜ்யம். இரண்டையும் கூட்டினால் அவர் வாங்கிய சம்பளத்தைப் போல இரு மடங்குக்கு மேல் வந்தது. முதல் ஆண்டில் நானும் இதே இடத்தில் இதே அச்சத்துடன் நின்றவன் என்பதால், அவரிடம் ஒன்றரை மணி நேரம் சொன்னவற்றை இங்கே விரிவாக எழுதி வைக்க விரும்புகிறேன்.

தாளில் பிழை ஏதுமில்லை. ஊழியர் எத்தனை நாள் நியூயார்க்கில் வேலை செய்திருந்தாலும், ஃபெடரல் எனப்படும் ஒன்றிய அரசின் கணக்கில் காட்டும் சம்பளம் முழுவதையும் நியூயார்க்குக்கு உரிய கட்டத்தில் நிரப்ப வேண்டும் என்று நியூயார்க் கேட்கிறது. அதில் எவ்வளவு தனக்குச் சேரும் என்பதை ஊழியர் பின்னர் தம் கணக்கில் நாள்வாரியாகப் பிரித்துக் காட்டிக்கொள்ளலாம். நியூ ஜெர்சியோ, தன் மண்ணில் குடியிருப்பவரின் வருமானம் உலகின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் தன் கணக்கில் வரவேண்டும் என்கிறது. ஒரே சம்பளத்தை இரண்டு அரசுகள் இரண்டு கோணங்களில் பார்ப்பதால் தாளில் அது இரண்டு முறை வருகிறது.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு இது விளங்கச் சற்று நேரம் பிடிப்பது இயல்பே. அங்கே சம்பளத்தின் மீதான வருமான வரி ஒன்றிய அரசுக்கு மட்டுமே உரியது. சென்னையில் வேலை பார்த்த காலத்தில் மாநகராட்சிக்கென்று அரையாண்டுக்கு ஒரு முறை தொழில் வரி பிடித்தார்கள். அரசியல் சட்டமே அதற்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறது. ஓசூரில் குடியிருந்து பெங்களூருவில் வேலைக்குப் போகும் ஒருவர், தமிழ்நாட்டுக்கு ஒன்றும் கர்நாடகத்துக்கு ஒன்றுமாக இரண்டு வருமான வரிக் கணக்குகளைத் தாக்கல் செய்யும் நிலை அங்கே எழுவதில்லை. இங்கே வருமானத்துக்கு வரி போடும் உரிமை ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியே உண்டு. ஹட்சன் ஆற்றை ரயிலில் கடப்பவர் நாள்தோறும் ஒரு வரி எல்லையையும் கடக்கிறார்.

வேலை செய்யும் மாநிலம், அங்கே குடியில்லாதவரிடமும் வரி கேட்கலாமா என்ற கேள்வி நூறாண்டுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. நியூயார்க் 1919-ல் வருமான வரியைக் கொண்டுவந்தபோது, நியூ ஜெர்சியிலிருந்தும் கனெக்டிகட்டிலிருந்தும் வந்து வேலை செய்தவர்களிடமும் வரி கேட்டது; ஆனால் தன் குடிமக்களுக்குக் கொடுத்த தனிநபர் விலக்குத் தொகையை அவர்களுக்குக் கொடுக்க மறுத்தது. கனெக்டிகட்டின் ஸ்டாம்ஃபோர்டில் இருந்த யேல் அண்ட் டவுன் என்ற பூட்டு நிறுவனம் தன் ஊழியர்களுக்காக வழக்குக்குப் போனது. 1920-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வரி போடலாம், ஆனால் விலக்கை மறுத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று தீர்ப்பளித்தது. வருமானம் எங்கே உழைத்து ஈட்டப்படுகிறதோ அந்த மாநிலத்துக்கு அதில் உரிமை உண்டு என்ற அடிப்படை அன்று முதல் அசையவே இல்லை.

அப்படியானால் ஒரே சம்பளத்துக்கு இரண்டு முறை வரியா? இங்கேதான் கிரெடிட் வருகிறது. வேலை செய்யும் மாநிலத்துக்குக் கட்டிய வரியை, குடியிருக்கும் மாநிலம் தனக்கு வரவேண்டிய வரியில் ஒரு வரம்புவரை கழித்துக்கொள்ள விடுகிறது. இதைக் குடியிருக்கும் மாநிலத்தின் பெருந்தன்மை என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2015-ல் மேரிலாந்தைச் சேர்ந்த வின் தம்பதியர் தொடுத்த வழக்கில், வெளிமாநிலத்தில் கட்டிய வரிக்கு முழுக் கிரெடிட் தராமல் மேரிலாந்து தன் வரியின் ஒரு பகுதியை வசூலித்தது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் சொன்னது. எனவே கிரெடிட் கேட்கும்போது நாம் யாரிடமும் சலுகை கேட்கவில்லை.

ஆனால் அதைக் கேட்கும் முறை ஒன்று இருக்கிறது. அதில்தான் நான் தவறினேன். முதலில் வேலை செய்யும் மாநிலத்தின் கணக்கை முழுமையாக முடிக்க வேண்டும். நியூயார்க்கில் குடியில்லாதவர்களுக்கு ஐடி-203 என்ற படிவம். அதில் இறுதியாக வரும் வரி எவ்வளவு என்று தெரிந்த பிறகே நியூ ஜெர்சியின் என்ஜே-1040 படிவத்தைத் தொட வேண்டும். கிரெடிட்டுக்கென்று அதனுடன் என்ஜே-சிஓஜே என்ற இணைப்பு இருக்கிறது. இந்த வரிசையை மாற்றினால் எல்லாமே பிசகும். எனக்கு முதல் ஆண்டு கணக்குப் போட்டுக் கொடுத்தவர் டபிள்யூ-2-ன் 17-வது கட்டத்தில் இருந்த பிடித்தத் தொகையை அப்படியே எடுத்து, நியூ ஜெர்சியில் கிரெடிட்டாகப் போட்டுவிட்டார். நான் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டேன். இரண்டு ஆண்டு கழித்து, வட்டியோடு பாக்கி கேட்டுக் கடிதம் வந்தது. கடிதத்தில் இருந்த கணக்கு சரி, தவறு எங்களுடையது.

அந்த ஆண்டின் எண்களை விட்டுவிட்டு, 2023-ம் ஆண்டின் விகிதங்களை வைத்து அதே மாதிரியான குடும்பம் ஒன்றின் கணக்கைக் காட்டுகிறேன். கணவருக்கு நியூயார்க்கில் 1,00,000 டாலர் சம்பளம். எல்லா நாட்களும் மன்ஹாட்டன் அலுவலகத்தில். மனைவிக்கு நியூ ஜெர்சியிலேயே வேலை, 60,000 டாலர். இருவரும் கூட்டாகத் தாக்கல் செய்கிறார்கள். வேறு வருமானமோ கழிவோ இல்லை.

நியூயார்க் முதலில் ஒரு காரியம் செய்கிறது: மனைவியின் சம்பளத்தையும் சேர்த்து, 1,60,000 டாலரும் தன் குடிமக்களுடையது என்பது போலப் பாவித்து வரியைக் கணக்கிடுகிறது. நிலையான கழிவு 16,050 டாலர் போக, வரி ஏறக்குறைய 7,917 டாலர் வருகிறது. பிறகு மொத்த வருமானத்தில் நியூயார்க்கில் ஈட்டியது எத்தனை பங்கு என்று பார்த்து, அந்தப் பங்கால் பெருக்குகிறது. 1,60,000-ல் 1,00,000 என்பது 62.5 விழுக்காடு, ஆக நியூயார்க் வரி சுமார் 4,948 டாலர். மனைவி ஹட்சனைக் கடந்ததே இல்லை, ஆனாலும் அவருடைய சம்பளம் கணவருடைய சம்பளத்துக்கான வரி விகிதத்தை உயர்த்திவிடுகிறது. இது முறையா என்று கேட்டுப் பிரேடி என்ற பெயரில் நடந்த வழக்கில், 1992-ல் நியூயார்க்கின் மேல்முறையீட்டு நீதிமன்றம், அங்கே அதுதான் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், இந்த முறையை ஏற்றுக்கொண்டது. நியூயார்க்கில் குடியிருக்கும் தம்பதியருக்கும் இதே விகிதம்தானே விழும் என்பது அதன் அடிப்படை. யோசித்துப் பார்த்தால் அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்கும் படுகிறது.

இனி நியூ ஜெர்சி. 1,60,000 டாலரில் இருவருக்குமான தனிநபர் விலக்கு 2,000 போக, மொத்த வரி சுமார் 6,022 டாலர். இந்த 6,022-ல் நியூயார்க்கும் வரி போட்ட வருமானத்துக்கு உரிய பங்கு எவ்வளவோ, அதுவே கிரெடிட்டின் உச்ச வரம்பு. அதே 62.5 விழுக்காடு, அதாவது சுமார் 3,764 டாலர். நியூயார்க்குக்கு உண்மையில் கட்டிய வரி 4,948, வரம்பு 3,764, இரண்டில் சிறியதுதான் கிடைக்கும். நியூ ஜெர்சிக்கு அவர்கள் கட்ட வேண்டியது 2,258 டாலர். நடைமுறையில் இது மனைவியின் சம்பளத்துக்கான வரி. கணவரின் சம்பளத்தைப் பொறுத்தவரை நியூ ஜெர்சிக்கு ஒரு டாலரும் சேரவில்லை. நியூயார்க்கின் வரி கூடுதலாக இருப்பதால் அந்தக் கூடுதலை இக்கரையில் யாரும் திருப்பித் தரப்போவதும் இல்லை.

எனக்கு நடந்த பிழையை இந்த எண்களில் பொருத்திப் பாருங்கள். 17-வது கட்டத்தில் பிடித்தம் 5,600 டாலர் என்று வைத்துக்கொண்டால், அதை அப்படியே கிரெடிட்டாகப் போட்டால் நியூ ஜெர்சியில் கட்ட வேண்டியது வெறும் 422 டாலர் என்று வரும். உண்மைக்கும் இதற்கும் 1,800 டாலருக்கு மேல் வேறுபாடு. அதோடு 5,600-க்கும் 4,948-க்கும் இடைப்பட்ட 652 டாலரை நியூயார்க் ரீஃபண்டாகவும் அனுப்பிவிடும். திரும்ப வாங்கிக்கொண்ட பணத்துக்கே இன்னொரு மாநிலத்தில் கிரெடிட் கேட்டதாக ஆகும். கடிதம் வராமல் என்ன செய்யும்?

பிடித்தம் வேறு, வரி வேறு என்ற இந்த ஒரு செய்தியை, புதிதாக வருபவர் ஒவ்வொருவரிடமும் சொல்லி வருகிறேன். பிடித்தம் என்பது ஆண்டு முழுவதும் நிறுவனம் ஊகித்துக் கட்டிவைத்த முன்பணம். வரி என்பது படிவத்தின் கடைசியில் கணக்கிட்டு வரும் தொகை. கிரெடிட் இரண்டாவதற்கு மட்டுமே.

கோயம்புத்தூர்த் தம்பியின் தாளில் நியூ ஜெர்சிச் சம்பளம் நியூயார்க்கைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்ததற்கும் காரணம் உண்டு. 401(கே) ஓய்வூதியச் சேமிப்புக்குப் போகும் பணத்தை நியூ ஜெர்சி சம்பளத்திலிருந்து விலக்கிவிடுகிறது. ஆனால் எச்எஸ்ஏ எனப்படும் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் போடும் பணத்துக்கும், வரிக்கு முந்தைய சம்பளத்திலிருந்து பிடிக்கும் மருத்துவக் காப்பீட்டுத் தவணைக்கும் ஃபெடரல் அரசும் நியூயார்க்கும் தரும் விலக்கை அது தருவதில்லை. ஆகவே கிரெடிட் வரம்பைக் கணக்கிடும்போது, இரண்டு மாநிலங்களும் சேர்ந்து வரி போட்ட வருமானம் எது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மென்பொருள் இதைப் பெரும்பாலும் சரியாகச் செய்கிறது. இருப்பினும் அது நிரப்பிய எண்ணை ஒரு முறை கையால் சரிபார்ப்பது நல்லது.

நியூ ஜெர்சியில் பிடித்தமே இல்லாமல் ஆண்டு முழுவதும் போய், கடைசியில் 400 டாலருக்கு மேல் பாக்கி நிற்கும் என்று தெரிந்தால், மூன்று மாதத்துக்கொரு தவணையாக முன்வரி கட்ட வேண்டும். வங்கி வட்டி, பங்கு விற்ற லாபம், ஊரில் இருக்கும் வீட்டு வாடகை எல்லாம் நியூ ஜெர்சிக்கு மட்டுமே உரிய வருமானங்கள். அவற்றுக்கு நியூயார்க்கின் கிரெடிட் உதவாது என்பதை மறந்துவிட்டுத் தண்டவட்டி கட்டியவர்களை நான் அறிவேன்.

இந்தச் சுமை எல்லா மாநில எல்லைகளிலும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தெற்கே செரி ஹில்லில் குடியிருந்து ஃபிலடெல்ஃபியாவில் வேலை பார்க்கும் நண்பருக்கு இரண்டு மாநிலப் படிவங்கள் தேவையில்லை. நியூ ஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் இடையே 1970-களிலிருந்து பரஸ்பர ஒப்பந்தம் இருக்கிறது. சம்பளத்துக்குக் குடியிருக்கும் மாநிலம் மட்டுமே வரி வாங்கும். நியூ ஜெர்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி 2016-ல் அதை முறிக்கப்போவதாக அறிவித்து, அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த இரண்டு மாதங்கள் ஆற்றுக்கு இருபுறமும் குடியிருந்தவர்கள் பட்ட கலக்கத்தை நண்பர் இன்றும் சொல்வார். ஆனால் அந்த ஒப்பந்தம் மாநில வரிக்கு மட்டுமே. ஃபிலடெல்ஃபியா நகரம் வெளியூரிலிருந்து வருபவர்களின் சம்பளத்திலும் மூன்றரை விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகத் தனக்கென்று வரி பிடிக்கிறது. அதற்கு நியூ ஜெர்சியில் கிரெடிட் கேட்க வேண்டும். நியூயார்க் நகரமும் 1966 முதல் வெளியூர்க்காரர்களிடம் இப்படியொரு வரி வாங்கியது. 1999-ல் மாநிலச் சட்டமன்றம் அதை நியூயார்க் மாநிலத்தவருக்கு மட்டும் நீக்கியது. ஒரு பகுதியினருக்கு நீக்கி எங்களிடம் மட்டும் வாங்குவது பாகுபாடு என்று நீதிமன்றம் சொன்னதால், எங்களுக்கும் சேர்த்தே அது போயிற்று.

வேறொரு கண்ணி இருக்கிறது, அதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். என்னுடன் வேலை பார்த்த ஒருவர், குடும்பத்தை எடிசனில் வைத்துக்கொண்டு, இரவுப் பணி முடிந்து வீடு திரும்ப முடியாத நாட்களுக்காகக் நியூயார்க் நகரின் குவீன்ஸில் சிறிய வீடு ஒன்றை ஆண்டு முழுவதற்கும் வாடகைக்கு எடுத்தார். நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடுதான். ஆனால் நியூயார்க் சட்டப்படி, அங்கே நிலையாகத் தங்குவதற்கு ஓர் இடம் வைத்திருந்து, ஆண்டில் 183 நாட்களுக்கு மேல் மாநிலத்துக்குள் இருந்தால், நிரந்தர வீடு வேறெங்கு இருந்தாலும் நீங்கள் நியூயார்க்கில் குடியிருப்பவர். நாளின் ஒரு பகுதி அங்கே இருந்தாலும் அது ஒரு நாள். வாரத்தில் ஐந்து நாள் மன்ஹாட்டனுக்குப் போகிறவருக்கு 183 நாட்கள் அக்டோபருக்குள் நிரம்பிவிடும். குடியிருப்பவர் ஆகிவிட்டால் நகர வரியும் சேரும். மூன்று முதல் நான்கு விழுக்காட்டுக்குள். அதைவிடக் கடுமையானது, வட்டிக்கும் பங்காதாயத்துக்கும் இரண்டு மாநிலங்களும் தனித்தனியே வரி போட, ஒன்றுக்கொன்று கிரெடிட் இல்லாமல் போவது. இப்படி உண்மையாகவே இரட்டை வரி விழுந்ததை எதிர்த்த ஒரு நியூ ஜெர்சிக்காரரின் வழக்கை 1998-ல் நியூயார்க் நீதிமன்றம் தள்ளிவிட்டது.

2014-ல் கேயட் என்பவரின் வழக்கு சற்று ஆறுதல் தந்தது. நியூ ஜெர்சியில் குடியிருந்த அவர் நியூயார்க் நகரைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவில் தொழில் நடத்தினார். அங்கே தமக்குச் சொந்தமான கட்டடத்தில் வயதான பெற்றோரைக் குடிவைத்திருந்தார். பெற்றோரின் வீடே அவருடைய தங்குமிடம் என்று வரித்துறை வாதிட்டது. அந்த இடத்தைத் தாமே தம் வசிப்பிடமாகப் பயன்படுத்தியிருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும் என்று நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. என் நண்பருக்கு இந்தத் தீர்ப்பு உதவியிருக்காது. அவர் அந்த வீட்டில் உண்மையிலேயே தூங்கினார். செய்தி தெரிந்த மறுமாதமே வீட்டைக் காலி செய்துவிட்டார்.

இதுவரை சொன்னவற்றில் கடினம் இருந்தாலும் ஒரு நேர்மை இருக்கிறது. உடல் எங்கே உட்கார்ந்து உழைத்ததோ, அந்த மண்ணுக்கு முதல் உரிமை. அந்த நேர்மை முறியும் இடம் ஒன்று உண்டு. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

2020 மார்ச் மாதம் நடுவில் எங்கள் அலுவலகம் மூடப்பட்டது. அன்று முதல் அந்த ஆண்டு முடியும்வரை நான் மெட்ரோபார்க் ரயில் நிலையத்தின் படியில் கால் வைக்கவில்லை. படுக்கையறை மூலையில் போட்ட மடக்கு மேசைதான் அலுவலகம்; மகள் அடுத்த அறையில் திரைவழியே பள்ளிக்கூடம் படித்தாள். எடிசனின் மின்சாரம், எடிசனின் தண்ணீர், எடிசனின் குப்பை வண்டி. ஆண்டு முடிந்து ஐடி-203 படிவத்தை நிரப்பியபோது, அத்தனை நாட்களும் நியூயார்க்கில் வேலை செய்த நாட்களாகவே கணக்கில் ஏறின.

இதற்கு 'முதலாளியின் வசதி' விதி என்று பெயர். அலுவலகம் நியூயார்க்கில் இருக்கும் ஓர் ஊழியர் வெளிமாநிலத்தில் வேலை செய்த நாட்கள், நிறுவனத்தின் தேவைக்காக அங்கே செய்யப்பட்டிருந்தால் மட்டுமே வெளிமாநில நாட்கள். தம் வசதிக்காக வீட்டிலிருந்து செய்திருந்தால் அவை நியூயார்க் நாட்களே. வாடிக்கையாளரைப் பார்க்க டாலஸுக்குப் போன நாள் விலக்கப்படும். வீட்டு மேசையில் உழைத்த நாள் விலக்கப்படாது. பெருந்தொற்றுக் காலத்தில் அலுவலகத்தைத் திறக்கவே அரசு அனுமதிக்காதபோது வீட்டிலிருந்து வேலை செய்தது யாருடைய வசதி என்று நாங்கள் கேட்டோம். நிறுவனம் உங்கள் வீட்டையே முறையான அலுவலகமாக நிறுவியிருந்தால் ஒழிய அவை நியூயார்க் நாட்கள்தான் என்று 2020 அக்டோபரில் நியூயார்க் வரித்துறை விளக்கம் வெளியிட்டது.

இந்த விதி புதியதல்ல. எட்வர்ட் செலின்ஸ்கி என்ற சட்டப் பேராசிரியர் மன்ஹாட்டனில் உள்ள கார்டோசோ சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தினார், குடியிருந்தது கனெக்டிகட்டில். வகுப்பு இல்லாத நாட்களில் வீட்டில் ஆய்வு செய்தார். அந்த நாட்களுக்கு நியூயார்க்கும் வரி கேட்டது, கனெக்டிகட்டும் கிரெடிட் தர மறுத்தது. 2003-ல் அவர் தோற்றார். 2005-ல் தாமஸ் ஹக்கபி என்ற கணினி நிரலாளர் தோற்றார். அவர் டென்னசியில் குடியிருந்து, முக்கால்வாசி நேரம் அங்கிருந்தே வேலை செய்தவர். நான்குக்கு மூன்று என்ற தீர்ப்பில் அவருடைய சம்பளம் முழுவதற்கும் நியூயார்க் வரி போட்டது செல்லும் என்றாயிற்று. இரண்டு வழக்குகளையும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரிக்க எடுத்துக்கொள்ளவில்லை. பெருந்தொற்றின்போது மாசச்சூசெட்ஸ் இதே போன்ற தற்காலிக விதியைக் கொண்டுவந்தபோது நியூ ஹாம்ப்ஷயர் நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. நியூ ஜெர்சியும் அதற்கு ஆதரவாக மனு கொடுத்தது. 2021 ஜூனில் அந்த வழக்கையும் நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

நியூ ஜெர்சி எங்களுக்கு அந்த வீட்டு நாட்களுக்கும் கிரெடிட் தருகிறது. ஆகவே செலின்ஸ்கிக்கு நேர்ந்த இரட்டை வரி எங்களுக்கு இல்லை. அப்படியானால் வருந்த என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். இழப்பு எங்கள் ஊருக்கு. நியூ ஜெர்சியில் வருமான வரி வந்ததே பள்ளிக்கூடங்களுக்காகத்தான். பள்ளிகளுக்கான நிதியைச் சீராகப் பங்கிடாத அரசை எதிர்த்த வழக்கில், மாநில உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் 1976 ஜூலையில் அரசுப் பள்ளிகளே மூடப்பட்டன. அந்த நெருக்கடியில்தான் சட்டமன்றம் வருமான வரியை நிறைவேற்றியது. அந்த வரிப்பணம் சொத்துவரிச் சுமையைக் குறைக்க மட்டுமே பயன்பட வேண்டும் என்று மாநில அரசியல் சட்டம் சொல்கிறது. பள்ளிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் தரும் உதவி அதில் பெரும்பங்கு. என் மகளின் வகுப்பறைக்கு வரவேண்டிய பணத்தை, நான் அந்த ஆண்டு கண்ணால்கூடப் பார்க்காத ஒரு நகரத்தின் மாநிலத்துக்குக் கட்டினேன்.

2023 ஜூலையில் ஆளுநர் ஃபில் மர்ஃபி கையெழுத்திட்ட சட்டத்தால் நியூ ஜெர்சியும் பதிலுக்குப் பதிலாக அதே விதியை ஏற்றுக்கொண்டது. இப்படிப்பட்ட விதி வைத்திருக்கும் மாநிலங்களில் குடியிருந்துகொண்டு நியூ ஜெர்சி நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்களுக்கு மட்டும் அது பொருந்தும். கூடவே, வெளிமாநிலத்தின் இந்த வரியை எதிர்த்து வழக்காடி வெல்லும் குடிமகனுக்கு, அதனால் நியூ ஜெர்சிக்குச் சேரும் வரியில் பாதியை அவருக்கே விட்டுக்கொடுக்கவும் வழி செய்தது. தன் குடிமக்களை அண்டை மாநிலத்துடன் வழக்காடச் சொல்லி ஓர் அரசு ஊக்கம் தருவது, இந்தத் தகராறு எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

2023-ல் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று எங்கள் அலுவலகம் விட்டது. அந்த ஆண்டின் நாட்காட்டியை எடுத்துக் கணக்குப் போட்டேன். சனி ஞாயிறு 105 நாட்கள் போக வேலை நாட்கள் 260. அரசு விடுமுறை 9, சொந்த விடுப்பு 15, உடல்நலமின்மை 2. மிச்சம் 234. அதில் மன்ஹாட்டனில் 138 நாள், நிறுவனம் அனுப்பி டாலஸில் 8 நாள், வீட்டில் 88 நாள். இன்றைய விதிப்படி டாலஸ் நாட்கள் மட்டும் விலகும். 234-ல் 226 நாள் நியூயார்க்குடையது. வீட்டு நாட்களையும் விலக்க முடிந்தால் 138 நாள்தான். மேலே காட்டிய குடும்பத்தின் எண்களிலேயே இதைப் பொருத்தினால், 1,00,000 டாலர் சம்பளத்தில் ஏறக்குறைய 37,600 டாலர் நியூயார்க்கிடமிருந்து நியூ ஜெர்சிக்கு நகரும். நியூயார்க்கில் சுமார் 1,860 டாலர் வரி குறையும். கிரெடிட் சுருங்குவதால் நியூ ஜெர்சியில் சுமார் 1,415 டாலர் கூடும். குடும்பத்துக்கு மிஞ்சுவது 445 டாலர். மீதி எல்லாம் இக்கரையின் பணம்.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது கோயம்புத்தூர்த் தம்பி, "அப்போ வீட்டு நாளக் குறிச்சு வெச்சு என்ன பிரயோசனம்ணா?" என்று கேட்டார். நாளை இந்த விதி ஏதாவது வழக்கில் விழுந்தால், கட்டிய வரியைத் திருப்பித் தரக் கோரும் மனுவை, நியூயார்க்கில் வரிக் கணக்கைத் தாக்கல் செய்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்வரை கொடுக்கலாம் என்று சொன்னேன். பிறகு அலமாரியிலிருந்து என் நாட்காட்டிகளை எடுத்துக் காட்டினேன். மன்ஹாட்டன் சென்ற நாளுக்கு 'ம', வெளியூர் சென்ற நாளுக்கு ஊரின் பெயர், வீட்டு நாளுக்கு 'வீ'. ஒவ்வொரு மாதத் தாளின் பின்புறமும் அந்த மாதத்து ரயில் பாஸ், பயணச்சீட்டு, நிறுவனம் அனுப்பிய பயண உத்தரவின் நகல். அவர் 2023 டிசம்பர் தாளைப் புரட்டி, 'வீ' என்று எழுதிய கட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு தம் கைப்பேசியைத் திறந்து, ஜனவரி முதல் தாம் வீட்டிலிருந்த நாட்களை நினைவுக்குக் கொண்டுவந்து குறிக்கத் தொடங்கினார்.